நோயாளி வீட்டில் கொடுப்பதை வாங்கலாமா? வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் பாலியேட்டிவ் (நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) தன்னார்வலர்களும், வீட்டோடு தங்கி வேலை செய்யும் ஹோம் நர்சுகளும், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. மாதக் கூட்டத்தில் 'யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?' என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்து செருப்பு மாட்டும்போதுதான் கேள்வி வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்; ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை அனுப்பும் ஏஜென்சியோ குழுவோ ஆஸ்பத்திரியோ எழுத்தில் ஒரு விதி வைத்திருந்தால், உங்களுக்கு அதுதான் விதி. அப்படி ஒன்று இல்லாதவர்களுக்கும், இருந்தும் புரியாமல் தவிப்பவர்களுக்கும்தான் இந்தப் பதில்கள்.

ஏனுங்க, ஒரு டம்ளர் காப்பி குடிச்சாக்கூடத் தப்புங்களா?

தப்பில்லை. சொல்லப்போனால் நம் ஊரில் குடிக்காமல் எழுந்து வருவதில்தான் சிக்கல் அதிகம். 'எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா?' என்று ஒரு பெரியம்மா கேட்டால், அதற்குள் சாதி இருக்கிறது, பழைய அவமானங்கள் இருக்கின்றன. விதி என்று சொல்லி நீங்கள் மறுத்தாலும், அவர்கள் காதில் அது வேறு மாதிரிதான் விழும்.

அதனால் ஒன்றைக் கவனியுங்கள். குடிப்பதென்றால் எல்லா வீட்டிலும் குடியுங்கள். தோட்டத்து வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் காலனி வீட்டில் 'இப்பதான் குடிச்சேன்' என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வயிறு தாங்காது என்றால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய் நிற்பது மட்டும் வேண்டாம். வீட்டோடு தங்கும் ஹோம் நர்சுக்குச் சாப்பாடு சம்பளத்தோடு பேசி முடித்த விஷயம், அது இந்தக் கணக்கில் வராது.

அப்ப என்னதான் பிரச்சனை? அன்பா கொடுக்கறதை வாங்கறதுல என்ன வந்துடப் போகுது?

அன்பாகக் கொடுப்பதும் பயந்து கொடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், பெட்பேன் வைப்பதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. 'இந்தப் பொண்ணுக்கு ஏதாவது கொடுத்தாத்தான் நல்லாப் பாத்துக்கும்' என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடினால் நமக்குத் தெரியப்போவதில்லை. அவரும் சிரித்துக்கொண்டேதான் நீட்டுவார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது பக்கத்து வீடு. ஒரே வீதியில் ஒரு வீட்டில் தேங்காயும் பழமும் கட்டிக் கொடுக்கிறார்கள். நாலு வீடு தள்ளி, கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டில் இன்னொருவர் படுத்திருக்கிறார். நீங்கள் பையோடு போவதை அந்த வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது 'இன்னிக்கு ஒண்ணும் வேண்டாங்க, நாளைக்கு வாங்க' என்பார்கள். வெறுங்கையோடு அனுப்ப வெட்கம். அந்த 'நாளைக்கு' நீண்டு, படுக்கைப்புண் ஆழமான பிறகுதான் நமக்குச் சேதி வரும். கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பக்கத்து வீட்டை மனதில் வைத்து எழுதியவை.

எத்தனை ரூபாய் வரைக்கும் வாங்கலாம்னு ஒரு தொகை சொல்லிடுங்களேன், நிம்மதியா இருக்கும்.

சொல்ல மாட்டேன். ஐம்பது ரூபாய் ஒரு வீட்டில் சில்லறை, இன்னொரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. தொகை வைத்தால் அந்தத் தொகைக்குக் கீழே எல்லாம் உரிமை என்று ஆகிவிடும். பிரிட்டனில் நர்சுகளைப் பதிவு செய்யும் அமைப்பின் நடத்தை விதியும் தொகை சொல்வதில்லை. மிக அற்பமானவை தவிர மற்றப் பரிசு, சலுகை, விருந்து எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் நர்சிங் படித்து அங்கே போவதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இங்கே பழகிய கை அங்கே போய் மாறாது.

தொகைக்குப் பதிலாக ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எந்த வீடு, என்ன கொடுத்தார்கள், வாங்கினேனா திருப்பினேனா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று ஒரே வரி போதும். எழுதக் கை கூசினால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். குழுவாக இருந்தால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே நோட்டு. இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மோதிரக் கேள்வியில் சொல்கிறேன்.

ஓணக்கோடி, விஷுக்கைநீட்டம் இதெல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம். வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?

சொல்ல வேண்டாம். விஷு அன்று பெரியவர் கையில் வைக்கும் காசு அந்த வருஷத்து நல்லதுக்காக. அன்று வீட்டுக்கு வரும் பேரன், பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாருக்கும்தான் கொடுப்பார். ஒரு நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். மடித்த ஐநூறு ரூபாய் நோட்டாக இருந்தால், ஒற்றை ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டு நோட்டைக் கணித் தட்டிலேயே வைத்துவிடலாம். ஆசீர்வாதம் குறையாது.

ஓணக்கோடி கொஞ்சம் வேறு. வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு ஓணத்துக்குத் துணி எடுப்பது இங்கே வழக்கம், தமிழ்நாட்டில் தீபாவளிக்குச் செய்வதைப் போலத்தான். வீட்டுக்காரர்கள் ஏஜென்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை வந்து போகும் தன்னார்வலருக்குப் புடவை கொடுப்பது அப்படியல்ல. பத்து வீட்டுக்குப் போகிறவர் இரண்டு வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மீதி எட்டு வீட்டுக்கு எப்படிப் போவார்? குழுவின் பேருக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

பிரசாதம், நேர்ச்சைச் சோறு, கிறிஸ்துமஸ் கேக், பெருநாள் பிரியாணி இவற்றுக்கெல்லாம் கேள்வியே வேண்டாம்.

முதலமடைக்காரங்க பெட்டி பெட்டியா மாம்பழம் ஏத்தி விடறாங்க. திருப்பிக் கொண்டு போனா அழுகிடும். என்ன பண்றது?

முதலமடை மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முன்னாலேயே சந்தைக்கு வந்துவிடும் சரக்கு. பருவத் தொடக்கத்தில் ஒரு பெட்டிக்கு நல்ல விலை உண்டு. ஆகவே 'தோட்டத்துல காய்ச்சது, காசா பணமா' என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பழத்தை அங்கேயே அறுத்து, நோயாளியோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் சாப்பிடக்கூடிய நிலையில் இருந்தால் அதைவிட நல்ல மதியம் வேறில்லை. பெட்டி வந்தேவிட்டால் குழு அறையில் இறக்கி, அன்று போகும் எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுங்கள், யார் கொடுத்தது என்று பேர் சொல்லியே. கொடுத்தவருக்கும் பெருமை.

இளநீருக்கும் இதேதான். கள் பற்றி ஓட்டுநர் ஒருவர் கேட்டார், சிரிப்புக்கு அல்ல, நிஜமாகவே. சித்தூர் கள்ளுக்குப் பேர் போன ஊர், கேரளத்தில் கள்ளுக்கு அனுமதி உண்டு, எல்லாம் சரி. வேலை நேரத்தில் வேண்டாம். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று கோபாலபுரம் தாண்டி எடுத்துப் போனால், அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே கள்ளுக்குத் தடை இருக்கிறது. அப்புறம் பரிசு விவகாரம் போலீஸ் விவகாரம் ஆகிவிடும்.

துபாய்ல இருக்கற பையன் என் நம்பருக்கு ஜிபே பண்ணிட்டாரு. நான் கேக்கவே இல்லை.

நீங்கள் கேட்கவில்லை என்பதை நம்புகிறேன். அவருக்கு அம்மா பக்கத்தில் இருக்க முடியவில்லை என்ற உறுத்தல், அதைப் பணமாக அனுப்புகிறார். ஆனால் பணம் எப்போதும் வேண்டாம், அதுவும் உங்கள் சொந்த எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். அன்றே திருப்பி அனுப்பி, 'அண்ணா, எங்களுக்குப் பணம் வாங்க அனுமதி இல்லை. குழுவுக்குக் கொடுக்க விரும்பினால் ரசீது தருவார்கள்' என்று எழுதுங்கள். எழுத்தில் இருப்பது முக்கியம்.

ஹோம் நர்சாகச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ராத்திரியும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது, வேலை கூடிவிட்டது என்றால் அதற்குக் கிடைக்க வேண்டியது கூலி. ஏஜென்சி மூலம் சம்பளத்தை உயர்த்திக் கேளுங்கள். நியாயமான கூலியைப் பரிசாக வாங்கப் பழகினால், அடுத்த மாதம் அதை நிறுத்தும்போது உங்களுக்குக் கேட்க வாயிருக்காது.

நான் பஞ்சாயத்துல சம்பளம் வாங்கற பாலியேட்டிவ் நர்ஸ். எனக்கும் இதே விதிதானா?

உங்களுக்குக் கூடுதல் கண்டிப்பு. கேரளம் 2008-இல் பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை கொண்டுவந்த பிறகு, வீட்டுப் பராமரிப்பு உள்ளாட்சிகளின் வேலையாயிற்று. அரசிடமோ உள்ளாட்சியிடமோ சம்பளம் வாங்குபவர் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர். செய்ய வேண்டிய வேலைக்காக முறையற்ற ஆதாயம் பெறுவது அந்தச் சட்டத்தில் குற்றம். நீங்கள் அன்பு என்று நினைத்ததை வேறொருவர் புகாராக எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குப் போகிறவர்கள் இப்படியே நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு. காப்பிக் கேள்விக்குச் சொன்ன பதில் மட்டும் எல்லாருக்கும் பொது.

வாங்கறதுதானே தப்பு, நான் கொடுக்கலாம்ல? அந்தத் தாத்தாவுக்கு டயப்பர் வாங்கக்கூடக் காசில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்லவர்கள், அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஒருமுறை உங்கள் கைக்காசில் வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை அவர் கண் உங்கள் பையைத்தான் பார்க்கும். நீங்கள் லீவில் போய் வேறொருவர் வந்தால் 'அந்தப் பொண்ணு டயப்பர் கொண்டு வரும், நீ ஒண்ணும் கொண்டு வரலையா?' என்பார். உங்கள் வீட்டுப் பட்ஜெட்டிலும் ஓட்டை விழும், அதைச் சொல்லவும் மாட்டீர்கள்.

கொடுங்கள், ஆனால் குழுவின் பேரில், குழுவின் பணத்தில். உங்களிடம் இருப்பதையும் குழுவுக்கே கொடுத்து, குழு வழியாகப் போகட்டும். பஞ்சாயத்தில் என்ன கிடைக்கும், ஓய்வூதியம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வது பல சமயம் டயப்பரைவிடப் பெரிய உதவி. பிறந்த நாளுக்கு ஒரு முழம் பூ, ஒரு மிட்டாய் வாங்கிப் போவதை யாரும் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

ஸ்கூல் பீஸ் கட்டணும், கொஞ்சம் கைமாத்து கேட்டேன். திருப்பித் தந்துடுவேன், அது பரிசு இல்லையே?

பரிசைவிட மோசம். மேலே சொன்ன பிரிட்டன் விதி, பராமரிப்பில் இருப்பவரிடமோ அவருக்கு நெருங்கியவரிடமோ கடன் கேட்கவும் வாங்கவும் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. உங்களை நம்பிப் படுத்திருப்பவரால் 'இல்லை' என்று சொல்ல முடியாது. திருப்பிக் கேட்கவும் முடியாது. குழுவிடம் முன்பணம் கேளுங்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் இருந்தால் அங்கே கேளுங்கள்.

பாட்டிக்கு மறதி நோய். தினமும் மோதிரத்தைக் கழட்டி 'நீ வெச்சுக்கோ கண்ணு'ங்கறாங்க. வாங்கலைன்னா அழறாங்க.

வாதாட வேண்டாம். 'சரிங்க ஆத்தா, பத்திரமா வெக்கறேன்' என்று கையில் வாங்குங்கள். அப்படியே மருமகளையோ மகனையோ கூப்பிட்டு, அவர்கள் கண்முன்னால் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள், அலுவலகத்துக்கும் ஒரு போன். தினமும் நடந்தால் தினமும் எழுதுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். தங்கத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லிக் குடும்பத்தாரிடம் கேட்பது இன்னும் நல்லது. வாங்கக்கூடிய நிலையென்றால் கவரிங் ஒன்று போட்டுவிடட்டும்.

நோட்டை வலியுறுத்த வேறு காரணம் உண்டு என்றேனே, அது இதுதான். என்றைக்காவது மோதிரம் காணாமல் போகும். பாட்டிக்கு நினைவிருக்காது. வீட்டில் வெளியாள் நீங்கள் ஒருவர்தான். அன்று உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒற்றை வரிகள் மட்டுமே.

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, அஞ்சு சென்ட் இடத்தை உன் பேருக்கு ஆதாரம் (பத்திரம்) எழுதறேங்கறாரு அப்பாரு. நானா கேட்டேன்?

இதில் பலருக்கு மனசு தடுமாறும், குறை சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடத்தில் வருஷக்கணக்கில் மலம் அள்ளியவர் நீங்கள். ஆனால் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 123. பதிவு செய்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 16, வயதாலோ நோயாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு செய்துகொண்டதைத் தகாத செல்வாக்கு என்ற கண்ணோடு பார்க்கிறது. அந்தக் காரணத்துக்காகத் தானத்தையும் ரத்து செய்யக் கேட்கலாம். உயில் என்றால் பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். ஆனால் நச்சரித்தோ வற்புறுத்தியோ எழுத வைத்தது என்று நிரூபித்தால் அது செல்லாது.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயது கடந்தவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். எழுதி வாங்கிய நாளிலிருந்து நீங்கள் அந்த வீட்டை விட்டு வேறு வேலைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது.

என் பதில் வேண்டாம் என்பதுதான். அப்பாரு பேச்செடுத்த அன்றே குழுவிடம் சொல்லுங்கள். அவர் பிடிவாதமாக இருந்தால், உங்களுக்கு அறிமுகமில்லாத வக்கீலை அவரே பார்க்கட்டும், நீங்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது, சாட்சிக் கையெழுத்தும் போடக் கூடாது, வேலையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவர் எழுதினால் அது அவர் விருப்பம் என்று ஓரளவு நம்பலாம்.

பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சிருக்காங்க. மொய் வெக்கலாமா? நாளைக்கு என் பொண்ணு சீருக்கு அவங்க திருப்பி வெப்பாங்களே.

கல்யாணத்துக்குப் போங்கள், சாப்பிடுங்கள். மொய்தான் யோசிக்க வேண்டியது. நோட்டில் பேர் எழுதி வைக்கும் மொய் திரும்பி வரவேண்டிய கணக்கு. நீங்கள் நூறு வைத்தால் அவர்கள் ஆயிரமாகத் திருப்புவார்கள், அதைத் தடுக்கவும் முடியாது. குழுவின் பேரில் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் பொருள் கொடுத்துவிடுங்கள். மொய் நோட்டில் தனிப் பேர் ஏற வேண்டாம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு, இப்போது பராமரிப்பில் இருக்கும் வீடுகளுக்குப் பத்திரிகை வைக்காதீர்கள். கோபித்துக்கொள்வார்கள்தான். பராமரிப்பு முடிந்து நாளான பிறகு உறவாகப் பழகுவது உங்கள் சொந்த விஷயம்.

அவர் போயிட்டாரு. கட்டில், வாட்டர் பெட், மிச்ச மாத்திரை எல்லாம் நீயே எடுத்துட்டுப் போன்னுட்டாங்க.

கட்டிலும் வாட்டர் பெட்டும் சக்கர நாற்காலியும் குழுவுக்கு, ரசீதோடு. அடுத்த வீட்டில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கே தேவை என்றாலும் குழுவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாத்திரையில் கவனம். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மிச்சமிருந்தால் அது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. உங்கள் பையில் வைத்திருக்கக் கூடாது, இன்னொரு நோயாளிக்கு எடுத்துக் கொடுக்கவும் கூடாது. எண்ணி, வீட்டார் ஒருவரோடு சேர்ந்து, வாங்கிய மையத்திலேயே திருப்பி ஒப்படைத்து எழுதி வாங்குங்கள். காரியத்துக்குப் பிறகு வேட்டி, சேலை கொடுத்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். வந்த எல்லாருக்கும் கொடுப்பதை உங்களுக்கும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று தனியாகப் பட்டு எடுத்து வைத்திருந்தால் ஓணக்கோடிக்குச் சொன்ன பதில்தான்.

வேண்டாம்னு சொல்றப்ப மூஞ்சி சுண்டிப் போகுதுங்க. எப்படிச் சொல்றது?

விதியைக் காட்டி மட்டும் சொல்லாதீர்கள். முதலில் பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் திருப்பிக் கொடுங்கள். 'மனசார வாங்கிட்டேனுங்க அம்மா. எடுத்துட்டுப் போனா ஆபீசுல நான் பதில் சொல்லணும், நீங்களே வெச்சிருங்க' என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இன்னும் நல்லது முதல் நாளே சொல்வது. பராமரிப்பு தொடங்கும்போது, 'எங்களுக்குக் காப்பி போதும், வேறெதுவும் வாங்க மாட்டோம்' என்று குழுவிலிருந்து ஒருவர் வீட்டார் எல்லாரையும் வைத்துச் சொல்லிவிட்டால், பின்னால் உங்களுக்கு இந்த அவஸ்தை பாதி குறையும்.

எங்க குழுவுல மூத்தவரே வாங்கறாரு. நான் மட்டும் வேண்டாம்னா என்னை ஒரு மாதிரிப் பாக்கறாங்க.

நோயாளி வீட்டில் வைத்து அவரைப் பற்றிப் பேசாதீர்கள், அது முதல் விஷயம். கூட்டத்தில் பேர் சொல்லாமல், 'பொது நோட்டு ஒண்ணு போடலாமா?' என்று கேளுங்கள். மூத்தவர் பேரிலேயே முதல் பக்கத்தைத் தொடங்கலாம், நிறைய பேர் அதற்குப் பிறகு தானாகவே நிறுத்திவிடுவார்கள்.

அவர் கொடுப்பதை வாங்குகிறாரா, கேட்டு வாங்குகிறாரா என்பதைப் பிரித்துப் பாருங்கள். கேட்டு வாங்குகிறார், கொடுக்காத வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போடுகிறார் என்றால் அது நோட்டு போட்டுத் தீர்கிற விஷயம் இல்லை. பார்த்ததைத் தேதியோடு எழுதிக் குழுச் செயலாளரிடம் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அவர் பஞ்சாயத்துச் சம்பளக்காரர் என்றால் பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் போகலாம். அங்கேயும் அசையவில்லை என்றால் கேரள விஜிலென்சின் (ஊழல் தடுப்புப் பிரிவின்) கட்டணமில்லா எண் 1064.